மந்தம்னு சொல்றதுக்கு முன்னாடி...

சிவகாசியில ஒரு மொத்தப் பட்டாசுக் கடையில எங்க மதினி பதினோரு வருஷம் பில் போட்டாங்க. தீபாவளி சீசன்ல கடை எப்படி இருக்கும்னு தெரியுமில்ல? ஒருத்தர் சரவெடி கேப்பார், இன்னொருத்தர் கம்பி மத்தாப்பு விலை கேப்பார், நடுவுல லாரி ஷெட்டுல இருந்து போன் வரும். மூணு பேருக்கும் பதில் சொல்லிக்கிட்டே மனக்கணக்கா கூட்டிருவாங்க. கால்குலேட்டர் சும்மா கிடக்கும்.

ஒரு சீசன்ல அது நின்னு போச்சு. கணக்கு மறக்கல மக்களே, அதைக் கவனிங்க. கேட்டா சரியாத்தான் சொல்வாங்க, ஆனா கொஞ்ச நேரம் ஆகும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா திணறுவாங்க. முதலாளி 'கவனம் இல்லை'ன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டார். வீட்டுல நாங்க 'சோம்பேறித்தனம்'னு பேசினோம் (நானும்தான், ஒத்துக்கறேன் :-( ). அடுத்த வருஷம் ஒரு கண் மங்கி, மதுரையில எம்.ஆர்.ஐ. எடுத்தப்பதான் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற பேரே தெரிஞ்சது.

நரம்பு இழையைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை உண்டு. உடம்போட எதிர்ப்பு சக்தியே அதை அரிச்சிருது. நம்ம ஊர் பாஷையில சொன்னா நமுத்துப்போன திரி. தீ போகும், தயங்கித் தயங்கிப் போகும். 1868-ல பாரிஸ்ல ஷார்கோ இந்த நோயை விவரிச்சப்பவே ஞாபகம் தளர்றதையும் யோசனை மெதுவாகறதையும் குறிச்சு வச்சார். ஆனாலும் எம்.எஸ்.னா கால் நடை தள்ளாடுறதுன்னுதான் இன்னிக்கும் நினைக்கறோம். இந்த நோயாளிகள்ல 100-க்கு 40 பேருக்கு மேல யோசிக்கற திறன்ல ஏதோ ஒரு குறை வருது. பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது வேகம். பேச்சு அநேகமா அப்படியே இருக்கறதால வெளியாளுக்குத் தெரியாது. நல்லா நடக்கறவங்களுக்கும் இது வரலாம்.

போதாக்குறைக்கு நம்ம வெயில்! உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே அறிகுறி கூடும், குளிர்ந்தா இறங்கும். 1890-ல ஊட்ஹாஃப்னு ஒரு கண் டாக்டர் கண்டுபிடிச்சு சொன்ன விஷயம் இது. சித்திரை மாசம் மதியம் மதினிகிட்ட பேசிப் பாருங்க, புரியும்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகள்ல எம்.எஸ்.ஸையும் சேர்த்தது. நல்லது. என் ஆத்திரம் வேற. ஒரு டாக்டர் மதினிகிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு 'நார்மல்தான்'னார். யாரோட நார்மல்? நூறு மார்க் வாங்கினவங்க அறுபதுக்கு இறங்கினா, எல்லாருக்கும் அது பாஸ் மார்க்தான். அவங்களுக்கு அது நஷ்டம் இல்லையா? பழைய அளவு கையில இருந்தாத்தானே இறக்கம் தெரியும்?

அதுக்கு ஒரு சோதனை இருக்கு. ஒன்பது குறியீடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். 90 விநாடியில எத்தனை பொருத்த முடியுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். கை நடுங்கினா வாயாலயே சொல்லலாம். நோய் தெரிஞ்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் இந்த மாதிரி பார்க்கணும்னு 2018-லயே அமெரிக்க எம்.எஸ். சங்கம் பரிந்துரை செஞ்சிருக்கு. ஒரு தாளும் கடிகாரமும் போதும். 2022-ல இருந்து விருதுநகர்லயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. இதுக்காக மதுரைக்கு பஸ் ஏற வைக்கணுமா?

மதினி இப்ப ஒரு சின்ன அச்சகத்துக்கு வீட்டுல இருந்தே லெட்ஜர் பார்க்கறாங்க. காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும், டிவி ஆஃப், ஃபேன் ஃபுல் ஸ்பீடு. இதுவரைக்கும் ஒரு தப்பு வரல. போன் பண்றவங்க எட்டு மணிக்கு மேல பண்ணுங்கன்னு சொல்லச் சொன்னாங்க.