தேசப் பாதுகாப்பு யாருக்கு?

"தேசப் பாதுகாப்பு" என்கின்ற வார்த்தை இப்போது "கடவுள்" என்கின்ற வார்த்தையைப் போலவே ஆக்கப்பட்டு விட்டது. கடவுள் என்று சொல்லிவிட்டால் எப்படி அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாதோ, அப்படியே தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலும் செலவு எவ்வளவு, பலன் என்ன, பாதுகாப்பு யாருக்கு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கே நாஸ்திகன், இங்கே தேசத் துரோகி. முதல் பட்டம் நமக்குப் பழக்கமானதுதான். இரண்டாவதும் வந்தால் வரட்டும் என்றே இதை எழுதுகின்றோம்.

பூமி சூடேறி வருகின்றது என்பதும், அதனால் தேசங்களின் பாதுகாப்பிற்கே ஆபத்து என்பதும் வேலையற்றவர்கள் கட்டிவிட்ட கதையல்ல. 2007ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ஓய்வு பெற்ற 11 படைத் தலைவர்கள் கூடி, உலகத்தில் ஏற்கனவே உள்ள பஞ்சம், தண்ணீர்ச் சண்டை, ஊரைவிட்டு ஓடும் ஜனக்கூட்டம் முதலிய ஆபத்துக்களை இது பன்மடங்காக்கிவிடும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கின்றார்கள். காரணமும் ரகசியமல்ல. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு 280 பங்காயிருந்த கரியமில வாயு, நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து இன்று 420க்கு மேல் போய்விட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 100க்கு 7 பங்கு அதிக நீராவியைத் தாங்கிக் கொள்ளும். ஆகவே காய்ந்தால் ஒரேயடியாய்க் காய்கின்றது. பெய்தால் ஒரேயடியாய்ப் பெய்கின்றது. இதில் வருணனுக்கும் வேலையில்லை, இந்திரனுக்கும் வேலையில்லை. ஆனால் 2019ல் சென்னையில் குடங்கள் வரிசையில் காய்ந்து கிடந்த காலத்தில், அறநிலையத் துறையானது மழைக்காகக் கோயில்களில் யாகம் செய்யும்படி உத்தரவு போட்டது! அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதற்குள் உட்கார்ந்து ஜபிப்பது அந்தச் சடங்கின் லட்சணம். குடிக்க ஒரு குடம் கிடைக்காத ஊரில் புரோகிதர் உட்கார ஒரு அண்டாத் தண்ணீர். நிற்க.

இந்த ஆபத்து எப்படிப்பட்டது என்று பார்ப்பதற்கு நமது நாட்டையும் பக்கத்து நாட்டையும் எடுத்துக் கொண்டாலே போதும். 2022 மார்ச்சு மாதத்தில் இந்தியாவில் 122 வருஷங்களாகக் காணாத வெயில் அடித்தது. கோதுமை மணி முற்றும் சமயத்தில் வெம்பிப் போயிற்று. ஏப்ரலில் உலகத்துக்கே தானியம் கொடுக்கத் தயார் என்று பேசிய சர்க்கார், மே 13ந் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதே வெயில் எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் பொசுக்கிற்று. பிறகு ஆகஸ்டில் சிந்துவிலும் பலுசிஸ்தானத்திலும் வழக்கத்தைப் போல் ஏழெட்டு மடங்கு மழை கொட்டியது. 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். உலகம் விடும் புகையில் பாகிஸ்தானத்தின் பங்கு 100க்கு ஒன்றுகூட இல்லை. இதை ஆண்டவன் சோதனை என்று சொல்லும் முல்லாவும் முன்ஜன்ம வினை என்று சொல்லும் புரோகிதனும் ஒரே தொழிற்காரர்களே யாவார்கள். சிந்துவில் ஜமீன்தாரிடம் பட்ட கடனுக்காகவே உழைத்துச் சாகும் ஹாரி என்னும் நிலமற்ற குடியானவனுக்கு வயல் மூழ்கிற்று, மாடு செத்தது; கடன் மட்டும் மூழ்கவில்லை. நம் நாட்டிலோ மேட்டில் ஊரையும் பள்ளத்தில் சேரியையும் வைத்திருக்கிறோம். வெள்ளம் முதலில் எங்கே நுழையும் என்பதை மனுதர்மம் முன்னமேயே தீர்மானித்து வைத்துவிட்டது.

இரண்டு தேசங்களிடமும் அணுகுண்டு இருக்கின்றதே, எந்தக் குண்டு அந்த வெயிலைத் தடுத்தது? எந்தக் குண்டு அந்த வெள்ளத்தைத் திருப்பியது?

இப்போது சியாச்சின் என்னும் பனிமலையைப் பாருங்கள். புல்கூட முளைக்காத அந்த இடத்தில் 1984 முதல் இரு நாட்டுப் படைகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன. 2003 நவம்பரில் சுடுவதை நிறுத்திக் கொண்டார்கள். சாவு மட்டும் நிற்கவில்லை. 2012 ஏப்ரலில் கயாரி என்னுமிடத்தில் பாகிஸ்தான் முகாமின் மேல் பனி சரிந்து 140 பேர் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில் நமது பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றின் மேல் சரிந்து மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேரை விழுங்கிற்று. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டார். எந்த எதிரியும் அவர்களைச் சுடவில்லை. இப்படிச் செத்தவர்களை "வீரசுவர்க்கம் அடைந்தார்கள்" என்று சொல்லி மாலை போடுகின்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தச் சுவர்க்கத்துக்கு அனுப்பியிருக்கின்றார்களா என்று விசாரித்தால் தெரியும். காரகோரத்துப் பனி மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் குறைகின்றது என்பது வாஸ்தவம். ஆனால் ஹிந்துகுஷ் முதல் இமயம் வரையிலுள்ள பனிமலைகளை மொத்தமாய்ப் பார்த்தால், 2011 முதல் 2020 வரையில் முந்திய பத்து வருஷங்களைவிட 100க்கு 65 பங்கு வேகமாகக் கரைந்திருப்பதாக 2023ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். சிந்து நதியில் ஓடுவது இந்தப் பனியின் தண்ணீரும்தான். இதைக் காக்க ஒரு சிப்பாயும் இல்லை.

அந்த நதியைப் பங்கிட 1960ல் செய்த ஒப்பந்தம் 1965, 1971 யுத்தங்களையும் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பாதகர்களுக்காக நாம் ஒரு வார்த்தையும் பரிந்து பேசவில்லை. ஆனால் அதன் பேரில் இந்திய சர்க்கார் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்ததன் பலன் என்ன? நாலு மாதத்தில் வெள்ளம் வந்தது. ஒப்பந்தப்படி அல்லாமல், "மனிதாபிமானம்" என்று பெயர் வைத்துத் தூதராலயத்தின் மூலம் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வெள்ளத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள பஞ்சாபும் மூழ்கிற்று. இப்பாலுள்ள பஞ்சாபின் 23 ஜில்லாக்களும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவையென்று அறிவிக்கப்பட்டன. வெள்ளம் பாஸ்போர்ட்டு கேட்கவில்லை.

உலகத்தின் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் வேடிக்கை. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் 15 ஆசனங்கள். அவற்றில் 5 தேசங்களுக்கு மாத்திரம் 1945லேயே பூணூல் போட்டாகிவிட்டது. அதற்கு வீட்டோ என்று பெயர். 2021 டிசம்பர் 13ந் தேதி, வெப்பத்தால் வரும் ஆபத்தையும் இச்சபை கவனிக்க வேண்டுமென்ற தீர்மானத்தை 12 தேசங்கள் ஆதரித்தன. பூணூல்காரரில் ஒருவரான ருஷியா வேண்டாமென்றது, தீர்மானம் செத்தது. பூணூல் இல்லாத இந்தியாவும் எதிர்த்தே வோட்டுக் கொடுத்தது. புகையை விட்டவர்கள் பணக்கார தேசத்தார். அவர்களையே நீதிபதியாக்கக் கூடாது என்று இந்தியா சொன்ன வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்த நியாயம் உள்ளூரில் நம் கூலிக்காரனுக்கு ஒரு மணி நேர நிழலாகவாவது வந்து சேர்ந்ததா என்பதுதான் நம் கேள்வி.

மற்றொரு சங்கதி. 1997ல் கியோட்டோவில் புகைக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தபோது, ராணுவப் புகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்கா வாதாடி, அதன் பெரும் பகுதிக்கு விலக்கு வாங்கிக் கொண்டது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்திற்குப் பிறகும் அதைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவரவர் இஷ்டம். யாகத்தில் வெட்டினால் கொலையல்ல என்று சொன்ன சாஸ்திரத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2024ல் உலகம் படைகளுக்காகச் செலவழித்தது சுமார் 2,70,000 கோடி டாலர். அதே வருஷம் பாக்கூவில் கூடி, ஏழை தேசங்களை இந்த ஆபத்திலிருந்து காப்பதற்கு வருஷத்திற்கு 30,000 கோடி டாலர் வரையில் திரட்டித் தருவதாக வாக்களித்தார்கள். அதுவும் 2035க்குள்ளாக!

இந்திய சர்க்கார் 2025-26க்கு ராணுவத்திற்கு ஒதுக்கியது 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். அந்தப் பக்கத்தாரும் தங்கள் ராணுவச் செலவை அதே வருஷம் 100க்கு 20 பங்கு உயர்த்தினார்கள். சியாச்சினிலிருந்து இரு படைகளையும் விலக்கிக் கொள்வது பற்றி 1989லேயே பேசி ஏறக்குறைய முடிவுக்கு வந்திருந்தார்கள். கயாரியில் 140 பேர் புதைந்த பிறகு 2012ல் பாகிஸ்தான் தளபதியே சமாதானமாய் முடித்துக் கொள்ளலாமென்று சொன்னார். யார் எங்கே நிற்கின்றார்கள் என்று முதலில் வரைபடத்தில் கையெழுத்திடு என்று இந்தியா கேட்க, காரியம் அங்கேயே நின்று போயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து டில்லி லோக்சபைக்குப் போயிருக்கும் 39 அங்கத்தினர்களும் எழுந்து, அந்தப் பனிமேட்டுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதில் எத்தனை கிராமத்துக்கு வெள்ளத்துக்குத் தாங்கும் மேட்டு வீடு கட்டலாம், சித்திரை வெயிலில் செங்கல் சுமக்கின்றவளுக்கு உச்சி வேளையில் கூலி குறையாமல் ஓய்வு கொடுக்கச் சட்டம் எப்போது வரும் என்று கேட்கட்டும். "தேசப் பாதுகாப்பு, சொல்ல முடியாது" என்று மந்திரி பதில் சொன்னால், அந்தப் பதிலையும் தொகுதிக்குக் கொண்டு வந்து ஜனங்களிடம் வாசித்துக் காட்டட்டும்.