கழுவிட்டு வந்து காட்டுங்க!

போன மாசம் முழுக்க கேன்டீன் பக்கமே நான் தலைகாட்டலை. ‘எங்கடா போனான்?’னு தேடினவங்களுக்குப் பதில்... லேப்ல உட்கார்ந்து பஞ்சுக்கு முடி வளர்த்துக்கிட்டு இருந்தேன்!

சிரிக்காதீங்க பாஸ். மூணாவது வருஷ மினி புராஜெக்ட். ‘செல்லுலோஸ் நானோ படிகத்தின் மேல் பாலிமர் வளர்ப்பது’ன்னு தலைப்பைச் சொன்னா, பக்கத்தைத் திருப்பிடுவீங்க. இருங்க, ஓடாதீங்க. பஞ்சு, ராகிக்கூழ், சலூன்... இந்த மூணும் தெரிஞ்சா போதும்.

முதல்ல பஞ்சு. பருத்தியில பத்துல ஒன்பது பங்கு செல்லுலோஸ்தான். மரம், வைக்கோல், வாழைநார் எல்லாத்துலயும் இது உண்டு. 1838-ல பிரான்ஸைச் சேர்ந்த அன்செல்ம் பாயன் இதைத் தனியா பிரிச்சுக் காட்டினார். குளுக்கோஸ் மணியைக் கோத்த மாலை மாதிரி இருக்கும். அந்த மாலைகள் சில இடத்துல வரிசையா, கெட்டியா அடுக்கியிருக்கும். சில இடத்துல கலைஞ்சு கிடக்கும். 64 சதவிகித சல்ஃப்யூரிக் ஆசிட்ல, 45 டிகிரி சூட்டுல முக்கால் மணி நேரம் வெச்சா, கலைஞ்ச இடத்தை ஆசிட் தின்னுடும். மிஞ்சறது ஊசி ஊசியா படிகம். அகலம் 5 முதல் 10 நானோமீட்டர். நம்ம தலைமுடியோட தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்னா, நீங்களே கணக்குப் போட்டுக்குங்க! ஆனா, ஆள் சின்னவனா இருந்தாலும் விறைப்புல எஃகுக்குப் பக்கத்துல நிப்பான். எடையோ எஃகுல அஞ்சுல ஒரு பங்குதான்.

‘அப்ப இதை மக்கிப் போற பிளாஸ்டிக்ல கலந்து, பலமான பை செஞ்சுடலாமே?’னு கேட்கறீங்கதானே? அங்கதான் ராகிக்கூழ் வருது. கொதிக்கிற தண்ணியில ராகி மாவை அப்படியே கொட்டினா என்ன ஆகும்? கட்டி தட்டும். இங்கேயும் அதே கதை. செல்லுலோஸ் சரியான தண்ணி பார்ட்டி. (நிஜத் தண்ணியைச் சொன்னேன்!) அதோட மேல்பக்கம் பூரா ஹைட்ராக்சில் கைகள். அதெல்லாம் தண்ணியைப் பிடிக்கும், இல்லேன்னா பக்கத்துப் படிகத்தைப் பிடிக்கும். பல பிளாஸ்டிக்குக்குத் தண்ணின்னாலே ஆகாது. ரெண்டையும் கலந்தா, படிகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கட்டியாகிடும். பலம் போச்சு!

அதுக்குத்தான் முடி வளர்க்கிற வேலை. பிளாஸ்டிக்குக்குப் பிடிச்ச பாலிமரைப் படிகத்தோட மேல ஒட்டிட்டா, ரெண்டும் சமாதானமா கலக்கும். இதுல ரெண்டு வழி இருக்கு. ரெடிமேட் பாலிமரைக் கொண்டுவந்து ஒட்டறது ஒரு வழி. டோப்பா மாதிரி. முதல்ல ஒட்டினது இடத்தை அடைச்சுக்கும். அடுத்தது நுழைய முடியாது. அதனால முடி அடர்த்தியா வராது. இன்னொரு வழி, படிகத்து மேலயே பாலிமரை முளைக்க வைக்கிறது. சொந்த முடி!

நாங்க எடுத்தது சொந்த முடி ரூட். கேப்ரோலாக்டோன்னு ஒரு திரவம். அதோட மூலக்கூறு வளையமா இருக்கும். வெள்ளீயம் சேர்ந்த கேட்டலிஸ்ட் போட்டுச் சூடு பண்ணினா, வளையம் திறந்து படிகத்தோட கையைப் பிடிச்சுக்கும். அடுத்த வளையம் திறந்து அதோட கையைப் பிடிக்கும். சின்னப் பசங்க சட்டையைப் பிடிச்சு ரயில் விடற மாதிரி, சங்கிலி நீண்டுக்கிட்டே போகும்.

ஒரு முழு நாள் சூடு. மறுநாள் எஃப்.டி.ஐ.ஆர். மெஷின்ல வெச்சுப் பார்த்தோம். சாதாரண செல்லுலோஸ்ல இல்லாத பீக் ஒண்ணு, 1730 பக்கத்துல கோபுரம் மாதிரி நிக்குது! பாலிமர் வந்தாச்சு! நானும் பார்ட்னரும் டீ, சமோசான்னு கொண்டாடிட்டுத்தான் மேடம்கிட்டயே போனோம்.

மேடம் கிராஃபைப் பார்த்துட்டுக் கேட்டது ஒரே கேள்வி. ‘‘கழுவினீங்களா?’’

‘‘வடிகட்டினோம் மேடம்...’’

‘‘கழுவிட்டு வந்து காட்டுங்க.’’

இப்ப சலூன். முடி வெட்டிட்டு வெளியே வரும்போது சட்டைக் காலர்ல முடி ஒட்டியிருக்கும். அது காலர்ல முளைச்ச முடியா? உதறினா போயிடும். அப்படித்தான் படிகத்தைப் பிடிக்காம சும்மா சுத்திக்கிட்டிருக்கிற பாலிமரும். அதைக் கழுவி எடுக்க ஒரு கண்ணாடிக் கருவி உண்டு. பாலுல எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு பார்க்க, ஜெர்மனிக்காரர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-ல அறிமுகப்படுத்தினது. கரைப்பான் கொதிச்சு, குளிர்ந்து, சாம்பிள் மேல சொட்டும். நிரம்பினதும் தானா வடிஞ்சு, மறுபடி கொதிக்கும். நாள் பூரா இதே வேலை.

கழுவி எடுத்து மறுபடி மெஷின்ல வெச்சோம். கோபுரத்தைக் காணோம்! தரைமட்டம்!

மறுநாள் காலையில ரிவ்யூ. பார்ட்னர் மெதுவா சொன்னான், ‘‘மச்சான், கழுவறதுக்கு முன்னாடி எடுத்த பிரிண்ட் பத்திரமா இருக்குடா.’’

உண்மையைச் சொல்றேன், ஒரு பத்து நிமிஷம் எனக்கும் ஆசை வந்துச்சு. அந்தப் பேப்பர்ல எதுவுமே பொய் இல்லை. மெஷின் எடுத்த நிஜ கிராஃப். அதுதான் கஷ்டமே! ஆனா, அடுத்த வருஷம் எங்க ரிப்போர்ட்டை வெச்சு ஒரு ஜூனியர் வருவான். எங்க பவுடரை பிளாஸ்டிக்ல கலப்பான். கட்டி தட்டும். ‘நம்மகிட்டதான் தப்பு’ன்னு நினைச்சு ஆறு மாசம் மண்டையை உடைச்சுக்குவான். அதை நினைச்சதும், ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டு எடுத்துட்டுப் போனோம்.

மேடம் திட்டலை. ‘‘ஈரம் எங்கிருந்து வந்துச்சு?’’ன்னு மட்டும் கேட்டாங்க. அப்பதான் பொறி தட்டுச்சு. நவம்பர் மழை. காய வெச்ச பவுடரைத் திறந்தபடி விட்டுட்டு, நாங்க லஞ்சுக்குப் போயிட்டோம். காத்துல இருந்த ஈரத்தைப் பவுடர் குடிச்சிடுச்சு. தண்ணிக்கும் ஹைட்ராக்சில் கை உண்டே! வளையமெல்லாம் படிகத்தை விட்டுட்டுத் தண்ணியோட கையைப் பிடிச்சு ரயில் விட்டிருக்கு. பாலிமர் வந்தது நிஜம். முளைச்ச இடம்தான் தப்பு.

ரெண்டாவது தடவை வேக்குவம்ல காய வெச்சோம். டொலுயீன் சேர்த்துக் காய்ச்சி, மிச்ச ஈரத்தையும் துரத்தினோம். வளர்த்தோம். கழுவினோம். இந்தத் தடவை கோபுரம் எல்லாம் இல்லை. கொசு கடிச்ச மாதிரி ஒரு சின்ன மேடு. ஆனா, கழுவியும் போகலை! டொலுயீன்ல போட்டுக் குலுக்கினோம். சாதாரண படிகம் கொஞ்ச நேரத்துல அடியில உட்கார்ந்துடுச்சு. எங்களோடது சாயங்காலம் வரைக்கும் பால் மாதிரி மிதந்துச்சு. மார்க் 50-க்கு 34. அந்தக் கோபுரத்தை வெச்சிருந்தா 45 வந்திருக்கலாம்.

இன்னொரு பொருளையும் கழுவிப் பார்த்தே ஆகணும் ஃப்ரெண்ட்ஸ். ‘செடியிலேர்ந்து வந்தது, அதனால சுற்றுச்சூழலுக்கு நல்லது’ங்கிற லேபிளை! நாங்க ஒரு ஸ்பூன் பவுடருக்குப் பாட்டில் பாட்டிலா கரைப்பான் செலவழிச்சோம். அதைக் கணக்குல சேர்க்காம ‘பசுமை’ன்னு எழுதினா, அதுவும் கழுவாத கிராஃப்தான். சல்ஃப்யூரிக் ஆசிட்ல செஞ்ச படிகத்து மேல மைனஸ் சார்ஜ் இருக்கும். பிளஸ் சார்ஜ் உள்ள பாலிமரைத் தண்ணியிலேயே அது மேல படிய வைக்கிற வழியும் ஆராய்ச்சியில இருக்கு. அடுத்த செமஸ்டர்ல அதைத் தொடலாம்னு ஐடியா.

உங்க ஃபைல்லயும் ஒரு கோபுரம் நிக்குதா? ரிவ்யூவுக்கு முந்தின நாளே ஒரு தடவை கழுவிப் பார்த்துடுங்க. நிக்கிறது கொசுக்கடி சைஸ்ல இருந்தாலும், அது உங்களோடது.

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா?