துண்டுச்சீட்டு ஒண்ணும் கேவலமில்லை

"சீட்டு வச்சுப் பேசறவன்லாம் ஒரு பேச்சாளனா?" என்று நம்மூரில் ஒரு நக்கல் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் பள்ளிக்கூட வாத்தியாரின் இரங்கல் கூட்டம் வரைக்கும்.

மூன்று பக்கம் எழுதி, வரி பிசகாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டு மேடை ஏறினேன். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் நழுவியது. அவ்வளவுதான், மொத்தமும் போச்சு! அவர் எனக்காகப் பரீட்சைப் பணம் கட்டியதைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். இன்னும் உறுத்துகிறது.

சர்ச்சிலுக்கே இப்படி நடந்திருக்கிறது. 1904-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசியவர், பாதியில் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

அவர் விலாவாரியாக எழுதி வைத்துக்கொள்வார். என்னைக் கேட்டால், நமக்கு அது வேண்டாம். எழுதினதை அப்படியே வாசிச்சா கூட்டம் கொட்டாவி விடும். ஒரு சீட்டு, அஞ்சு வரி போதும். எதில் ஆரம்பம், நடுவில் மூணு விஷயம், எதில் முடிப்பு. முழு வாக்கியம் கூடாது. "பரீட்சைப் பணம்" என்று மட்டும் அன்றைக்கு எழுதி வைத்திருந்தால், மீதி தானாக வந்திருக்கும். கட்டாயம் சொல்லவேண்டியதை முதலிலேயே வைங்க. நேரமில்லைன்னா அடிபடறது கடைசி வரிதான்.

வெறுங்கையோடு பேசினால் கைதட்டல் கூடலாம். ஆனா ஒருத்தருக்கு இரங்கல் கூட்டம் இன்னொரு தரம் நடக்காது.

நீங்க எப்படி மக்களே, சீட்டா, மனப்பாடமா?