யார் அந்த இந்திக்காரர்?

இந்திக்கும் தமிழுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் உடனே எழுத்துகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அங்கே ககரம் நான்கு, இங்கே ஒன்று. இங்கே ழகரம் உண்டு, அங்கே இல்லை. ஏதோ பாகப்பிரிவினைப் பத்திரம் போல! வேறுபாடு இருப்பது இலக்கணத்தில். நமக்கு மேசையும் வீடும் அஃறிணை, அவ்வளவே. இந்தியில் மேசை பெண்பால், வீடு ஆண்பால். செயப்படுபொருள் குன்றாவினை இறந்தகாலத்தில் வந்தால் எழுவாய் 'நே' உருபு ஏற்கும். வினை செயப்படுபொருளின் பாலைக் கொள்ளும். ராமன் ரொட்டி தின்றால் வினைமுற்று ரொட்டிக்கேற்பப் பெண்பாலாகிவிடும். நம்முடைய நாம், நாங்கள் இரண்டுக்கும் அங்கே 'ஹம்' ஒன்றே.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளிவரும் வடபுலத் தொழிலாளர் அனைவரையும் நாம் 'இந்திக்காரர்' என்கிறோம். அவர்களில் ஒடியா, வங்காளி, மைதிலி, போஜ்புரி பேசுவோர் உண்டு. ஒடியாவில் மேசைக்குப் பால் கிடையாது. 'நே' உருபும் கிடையாது. இந்தி பேசப் புகுந்து நாம் இடறும் அதே இடத்தில்தான் ஒடிசாக்காரரும் இடறுகிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தி என்னும் தலைப்பின்கீழ் 52.83 கோடிப் பேரைக் காட்டுகிறது. அவர்களுள் போஜ்புரியைத் தாய்மொழி என்றவர் மட்டுமே 5 கோடிக்கு மேல். டில்லி இப்படி விழுங்கினால் மேடையேறிக் கண்டிக்கிறோம். அதையே தேநீர்க்கடை வாசலில் நின்று நாமும் செய்கிறோம்.

ஒடியா தனிமொழியே அன்று என வாதிட்டு 1870இல் வங்கமொழியில் ஒரு நூல் வெளிவந்தது. அத்தகைய வாதங்களை எதிர்த்து நின்றவர்களுள் ஃபகீர் மோகன் சேனாபதி முக்கியமானவர். தமிழ் 2004இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது, ஒடியா 2014இல். வித்யாபதி பாடிய மைதிலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் வரை காத்திருந்தது. சிற்றிதழ் வாசகர்களுக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. ஆனால் நூலடுக்கில் இருக்கும் வித்யாபதிக்கும் ஆலை வாயிலில் நிற்பவருக்கும் தொடர்பில்லை என்று எண்ணிக்கொள்கிறோம் போலும்.

"அவர்களோடு பேசவாவது இந்தி கற்கக் கூடாதா?" என்பார் உண்டு. விரும்புவோர் கற்கட்டும், நமக்கொன்றும் தடையில்லை. ஆனால் அழுத்து இயந்திரத்தின் மீது இந்தியில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது வேறு. ஒடியாவின் உருண்டை எழுத்தில் மட்டும் படிக்கக் கற்ற ஒருவர் அதன்முன் நின்றால், இந்தியில் எழுதப்பட்ட அந்தப் பலகை காப்பது யாருடைய விரல்களை?