கன்டெய்னருக்குள் மணி என்ன? அந்த ஐந்தரை மணி நேரத்தை அசால்ட்டா விடாதீங்க!

ஏப்ரல் 1, அதிகாலை 2 மணி. ஒருவர் ஆன்லைனில் பொருள் வாங்குகிறார். கடையின் சாஃப்ட்வேர் பில் போடுகிறது. பில்லில் இருக்கும் தேதி, மார்ச் 31! ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியுமா? நிதியாண்டே மாறிப்போச்சே!

இத்தனைக்கும் சர்வரில் மணி சரியாகத்தான் ஓடுகிறது. அப்புறம் எப்படி?

அந்த சாஃப்ட்வேர் ஓடுவது ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள். கன்டெய்னருக்கெனத் தனிக் கடிகாரம் கிடையாது. ஹோஸ்ட் மெஷினின் கெர்னல் தரும் நேரம்தான் அதற்கும். ஆனால், அதை எந்த ஊர் மணியாகக் காட்டுவது என்கிற டைம்ஸோன் செட்டிங் கன்டெய்னருக்குள் தனியாக இருக்கும். பெரும்பாலான இமேஜ்களில் அது யூடிசி. அதாவது, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை நடப்பதெல்லாம் 'நேற்று' கணக்கில் போய்விடும்.

ஹோஸ்ட்டைப் பார்த்து காப்பியடிக்கலாமா?

ஹோஸ்ட்டின் 'லோக்கல்டைம்' ஃபைலை கன்டெய்னருக்குள் மவுன்ட் பண்ணிடுங்க என்பார்கள். உங்கள் லேப்டாப்பில் இது வேலை செய்யும். ஆனால், கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் இருக்கும். அங்கே காப்பியடித்தாலும் அதே தப்புதான் வரும். 'என் லேப்டாப்ல சரியா வருதே' பஞ்சாயத்து ஆரம்பிப்பது இங்கேதான்.

எனவே, டைம்ஸோனை நீங்களே சொல்லிவிடுவதுதான் நல்லது. 'டி.இசட்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆல்பைன் போன்ற சின்ன இமேஜ்களில் 'டி.இசட்.டேட்டா' பேக்கேஜ் இருக்காது. அதை இன்ஸ்டால் செய்யாவிட்டால், எரர் எதுவும் காட்டாமல் பழையபடி யூடிசியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

டேட்டாபேஸ் மட்டும் யூடிசி

அதற்காக டேட்டாபேஸிலும் இந்திய நேரத்தைச் சேமிக்க வேண்டாம். நியூயார்க்கில் நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் வைக்கும் நாளில், அதிகாலை 1 முதல் 2 மணி வரை இரண்டு முறை வரும். அங்கேயும் உங்களுக்கு கஸ்டமர் இருந்தால், எந்த ஆர்டர் முதலில் வந்தது? யூடிசியில் சேமித்தால் இந்தக் குழப்பமே இல்லை. பில் தேதிக்கும் திரையில் காட்டவும் மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

இன்றைக்கே உங்கள் கன்டெய்னருக்குள் போய் 'டேட்' கமாண்டை ஒருமுறை அடித்துப் பாருங்கள். 'சர்வர் யூடிசில இருக்கு சார்' என்று நாளைக்கு விளக்கம் சொல்லலாம். ஆனால், கஸ்டமர் கையில் இருக்கும் பில்லில் தேதி மாறாது.