இருந்தும் பயன்படாத இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. தனிநபர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஆகவே, திரையும் விசைப்பலகையும் நன்றாக இயங்கும் மடிக்கணினிகள்கூட, பழுதே இல்லாமல் 'பழையவை' ஆகிவிட்டன.

தாம்பரம் மாநகராட்சியில் நான் வசிக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இத்தகைய மடிக்கணினி இல்லாத தெருவே இராது. அவற்றில் அரசு முத்திரை பதித்தவையும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு ரூ.912 கோடி ஒதுக்கப்பட்டது. பின்னர் பல கட்டங்களில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது.

'பாஸ்' அந்நியச் சரக்கு அன்று. உலகத் தன்னார்வலர்கள் வளர்த்த டெபியனை அடித்தளமாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, தமிழிலும் பயன்படுத்தத்தக்கது. ஆயினும், நான் அறிந்த மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கணினி பழுதானபோது, இடத்தை அடைப்பதாகக் கருதி அது அழிக்கப்பட்டதையும் கண்டிருக்கிறேன்.

இதற்கு மாணவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு இடம்பெற்றது. ஆனால், கணினியைப் பாடமாக எடுக்காத மாணவனுக்கு அந்தப் பக்கங்கள் எட்டவில்லை. அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, படிப்படியாக ஆசிரியர் பயிற்சி, பாடம், செய்முறைத் தேர்வு ஆகிய அனைத்தையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. நாம் மென்பொருளை மட்டும் கொடுத்தோம். அவர்கள் பழக்கத்தை உருவாக்கினார்கள்.

நிறுவுவது கடினம் என்கிற அச்சம் இன்று பொருளற்றது. நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, உரிய மென்பொருளால் பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டைத் தொடாமலேயே வைஃபை, ஒலி, அச்சுப்பொறி வேலை செய்கின்றனவா எனச் சோதித்த பிறகு முடிவெடுக்கலாம். எளிய முகப்புடைய லினக்ஸ் வகைகளுக்கு 4 ஜிபி நினைவகமே போதும். கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது மட்டும் கட்டாயம்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. டேலி, ஆட்டோகேட் போன்றவற்றைச் சார்ந்து பிழைப்பவர்களுக்கு லினக்ஸ் நேரடி மாற்று ஆகாது. சில அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். ஆனால் படிப்பு, இணையம், தமிழ்த் தட்டச்சு, நிரல் எழுதப் பழகுதல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்து, ரூ.2,000 கோடி ஒதுக்கியது. அத்தொகையில் சிறு பங்கையாவது பயிற்சிக்குச் செலவிட வேண்டும். கல்லூரிதோறும் ஓர் ஆசிரியரையும் சில மாணவர்களையும் பழக்கினால், அவர்களே பிறருக்கு நிறுவிக் கொடுப்பார்கள். அரசு நூலகங்களில் மாதம் ஒருநாள் நிறுவல் முகாம் நடத்தினால், வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய கணினிகளும் உயிர்பெறும்.

ஒரு நிறுவனம் குறிக்கும் நாளில் ஏழை மாணவனின் கணினி காலாவதியாகக் கூடாது. அதற்கான மாற்றுக்கு அரசு எப்போதோ வழிசெய்துவிட்டது. அதைப் பயன்படுத்தக் கற்றுத்தருவதுதான் மிச்சமிருக்கிறது.