பிறவிக் கை என்னும் பொய்

1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் நெய்து அனுப்பிய பத்தமடையின் கைத்திறனைக் கண்டு வியக்கும் கனவான்கள், வியப்பு அடங்குமுன்னே, "இது இரத்தத்தில் ஊறியது, அது பிறவிக் கை" என்று தீர்ப்புக் கூறிவிட்டுப் போவது திருநெல்வேலிச் சீமையில் நெடுநாளைய சம்பிரதாயம். முன்பு பிரமன் எழுத்து என்றார்கள். இன்று மரபணு என்கிறார்கள். அபிப்பிராயம் என்னவோ பழையதுதான்.

அந்தக் கையைக் கிட்ட நின்று பார்ப்போம். தாமிரபரணி நீரில் ஊறிய கோரையைப் பாவுக்குள் செலுத்தி, செலுத்துந்தோறும் அச்சைத் தம்பக்கம் இழுத்து அடிக்கும் பெண்ணின் விரலடிகளில் தோல் மஞ்சளித்துக் காய்த்திருக்கும். புறத்தோலின் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பவை ஆதலின், அவற்றின்மீது விழும் அழுத்தமும் இழுப்பும் செல்லின் உட்சட்டகத்தின் வழியே உட்கரு வரைக்கும் எட்டுகின்றன. இழுபட்டு விரிந்த செல்லில் 'யாப்' என்னும் புரதம் உட்கருவுக்குள் புகுந்து, செல் பெருகுவதற்குரிய மரபணுக்களைத் தொழிற்படுத்துகிறது என்பதையும், மென்மையான தளத்தில் கிடக்கும் செல்லிலோ அதே புரதம் உட்கருவுக்கு வெளியே தங்கிவிடுகிறது என்பதையும் இத்தாலியின் பதுவா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். 'பியேசோ' என்ற புரதமோ, சவ்வு இழுபட்டவுடன் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. அதைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மரபணு உள்ளே இருப்பது மெய். அது எப்போது, எவ்வளவு பேசவேண்டும் என்பதில் அச்சுக்கும் கோரைக்கும் பங்குண்டு என்பதும் அதே அளவு மெய்.

உள்ளங்கைத் தோல் கருவிலேயே தடித்து உருவாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடிப்பு கலெக்டர் வீட்டுக் குழந்தைக்கும் உண்டு! காய்ப்போ, தறியை விட்டுச் சில மாதம் விலகியிருந்தால் பழந்தோலோடு உதிர்ந்து போகிறது; பிறவியோடு வந்தது இப்படிப் போகுமா?

பிறவிக் கை என்ற கொள்கையில் வியாபாரிக்குள்ள அனுகூலம் சாமானியமன்று: கைத்திறன் இனாமாக வந்தது என்றால், பழகிய வருஷங்களுக்குக் கூலி கேட்க நியாயமேது? பாட்டியும் தாயும் நெய்த வீட்டில் பிறந்த சிறுமியே ஆனாலும், புதிதாகத் தறியில் உட்கார்ந்து நாள் முழுதும் அச்சை இழுத்தால் அவளுடைய கையில் முதலில் எழும்புவது கொப்புளம். மெல்ல மெல்லப் பழகும் அழுத்தமே காய்ப்பாகிறது. ஒரேயடியாக ஏறும் உராய்வு தோலின் அடுக்குகளையே பிரித்து நீர் கோக்க வைத்துவிடுகிறது.